சிரிப்புக்கு நானூறு

செத்துப்போனவர் சிரிக்க என் கடையில் நானூறு. பல் தெரியச் சிரிக்க வேண்டுமென்றால் ஐந்நூற்றைம்பது. மூடிய கண்ணைத் திறந்து வைப்பது தனிக்கணக்கு. பார்வை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பிறகு திருப்பச் சொன்னால் அதற்கும் காசு.

இதை எழுதிச் சுவரில் ஒட்டவில்லை. வாயால் சொல்வதோடு சரி. கேட்டதும் வந்தவர்கள் பேரத்தை ஆரம்பிப்பார்கள். பெற்றவர் சிரிப்புக்கு என்ன கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் பிறந்தது துணிக்கடைக்காரர் வீட்டில். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் மொத்தமாகப் பார்த்தால் என்ன விலை என்று கேட்போம்.

நான் கிராஃபிக் டிசைனர். செத்தவர்கள் பக்க வியாபாரம்தான். சோப்பு உறை, மருந்துக்கடைப் பை, பள்ளிக்கூட ஆண்டு மலர், விலைப்பட்டியல், இதெல்லாம்தான் அடுப்பெரிய வைப்பது. என் அறை அண்ணன் துணிக்கடைக்கு நேர் மேலே. ஒரு மேஜை, இரண்டு திரை, ஒரு ஸ்கேனர், சத்தம் போடும் ஒரு மின்விசிறி. அண்ணன் மாடி ஏற மாட்டார். கீழே இருந்தபடியே அளவுகோலால் மேல்தளத்தை இடிப்பார். ஓர் இடி என்றால் டீ வந்திருக்கிறது. இரண்டு என்றால் இறங்கி வா. பதினோரு வருடமாக என் காலுக்கடியில் இதுதான் அழைப்பு மணி.

அந்தத் திங்கட்கிழமை மூன்று இடி விழுந்தது. இறங்கிப் போனேன்.

அண்ணனைக் கடைவீதியில் 'கத்தரி' என்பார்கள். துணியையும் வெட்டுவார், விலையையும் வெட்டுவார். கல்லாவில் உட்கார்ந்து, எதிரே இருந்த ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"அடுத்த தெருவுல ரெண்டாவது கடை எடுத்துட்டேன். முன்பணம் கொடுத்தாச்சு. கல்லாவுல உட்கார நம்ம ஆள் வேணும்."

"உங்க மச்சான் இருக்காரே."

"அவன் உட்கார்ந்தா அது நம்ம கல்லா இல்ல. அவன் கல்லா."

"நான் ஒரு தொழில் பண்றேண்ணே."

"பண்ற. யார் இல்லேன்னா? மேல ஏறி வர்றவனைவிட, கடன் சொல்லிட்டு இறங்கிப் போறவன் கூட்டம் அதிகமா இருக்கே, அதைத்தான் கேக்கறேன்."

அவர் குரலை இறக்கினார். பேரத்தில் அண்ணன் குரலை இறக்கினால் விலையை ஏற்றப் போகிறார் என்று அர்த்தம்.

"நான் அநியாயக்காரன் இல்லடா. ஒரு பேப்பர் எடு. நடுவுல கோடு போடு. உன் தொழில்ல என்ன லாபம்னு ஒரு பக்கம், என்ன நஷ்டம்னு ஒரு பக்கம். உண்மையை எழுது. சனிக்கிழமை மத்தியானம் காட்டு. லாபம் ஒரே ஒரு வரி அதிகமா இருந்தாலும் அறை உனக்கு, ஆயுசுக்கும் கேக்க மாட்டேன். இல்லேன்னா திங்கக்கிழமை புதுக் கல்லாவுல உட்காரு. மேல நான் சரக்கு போட்டுக்கறேன்."

"சமமா வந்தா?"

"சமமா வர்ற தொழிலை எவன் பண்ணுவான்?" என்றார். "இன்னொண்ணு. புதுக் கடை போர்டுல அப்பா படம் வரணும். எட்டடி உயரம். இதே சிரிப்பு."

கல்லாவுக்கு மேலே சுவரைக் காட்டினார். அங்கே அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை. வாங்க வந்தவர்கள், விற்க வந்தவர்கள், பெற்ற பிள்ளைகள் எல்லோரிடமும் அவருக்கு ஒரே முகம்தான். அதில் எதையும் படிக்க முடியாது. அதனாலேயே பேரத்தில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. படம் எடுத்துக்கொள்வதும் பிடிக்காது. அவர் போனபோது வீட்டில் இருந்தது வியாபார உரிமத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று மட்டும். அண்ணன் அதை என்னிடம் கொடுத்து, "கல்லாவுக்கு மேல மாட்டணும். கடைக்குள்ள வர்றவங்க திரும்பி ஓடாத மாதிரி பண்ணு" என்றார். அப்போதுதான் நான் தொழிலுக்கு வந்திருந்தேன். அதுதான் நான் செய்த முதல் சிரிப்பு.

சிரிப்பை வரைய முடியாது, கடன்தான் வாங்க வேண்டும். சொந்த ரத்தத்தில் வாங்கினால் தோலும் எலும்பும் சண்டை போடாது. கண்ணாடி முன் நின்று என்னையே படம் எடுத்தேன். என் வாயை வெட்டி அப்பா முகத்தில் வைத்தேன். என் கீழுதட்டின் இடது பக்கம் ஒரு தழும்பு உண்டு, ஏழு வயதில் துணி வெட்டும் மேஜையின் விளிம்பில் விழுந்தது. அதை அழித்தேன். மீசையைக் கொஞ்சம் கீழே இழுத்தேன். ஓரங்களைத் தடவிவிட்டேன். அப்பா சிரித்துவிட்டார்.

பிறகு எங்கள் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைச் செய்தேன். இந்த வேலையில் படம் ஒரே தாளில் இருக்காது; கண்ணாடித் தாள்மேல் கண்ணாடித் தாளாக, லேயர் லேயராக இருக்கும். வேலை முடிந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தி, பழைய பெயரிலேயே சேமித்தேன். அடியில் இருந்த அப்பாவின் வாய் அந்த நொடியில் போய்விட்டது. அசல் படம் இருக்கிறதே என்று கவலைப்படவில்லை. அதை அண்ணன் மறுவாரம் வங்கிக் கணக்கை மூடும் படிவத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டேன். பழைய படிவங்களை அரைத்துத் தூளாக்கிவிட்டார்கள்.

ஒரு சோப்பு உறைக்கு 'இறுதி', 'இறுதி இரண்டு', 'இதுதான் இறுதி', 'சத்தியமாக இறுதி' என்று பதினேழு ஃபைல் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஒன்று. அதிலும் என் வாய்.

இது அண்ணனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை தாளில் கோடு போட்டு உட்கார்ந்தேன். லாபம் முதலில் நன்றாகத்தான் ஓடியது. பூச்சி அரிக்கும் சரக்கு இல்லை. வெயில் இல்லை. கற்றதை எவனும் பூட்டை உடைத்து எடுத்துப்போக முடியாது. தெருவில் நடந்தால் என் கைவேலை எதிரே வரும், பை பையாக, பெட்டி பெட்டியாக. எட்டு வரி வந்தது. நஷ்டத்துக்குப் பேனாவை மாற்றியதும் கை தானாக ஓடியது. கழுத்து. கண். "ரெண்டு எழுத்துதானே, அதுக்கு இவ்வளவா" என்பவர்கள். "கம்ப்யூட்டர்தானே பண்ணுது" என்பவர்கள். லோகோவைப் பெரிதாக்கச் சொல்லி, பெரிதாக்கியதும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்பவர்கள். எல்லாம் முடிந்தபின் சம்பந்தியைக் கேட்டுச் சொல்வதாகப் போகிறவர்கள். ஒன்பது வரி. பத்தாவது வரி எது என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

புதன்கிழமை பேக்கரி அம்மா மாடி ஏறி வந்தார். முனையில் இருக்கும் ரொட்டிக் கடைக்காரர் போய் நான்கு மாதம் ஆகிறது. கடையை இப்போது இவர்தான் பார்த்துக்கொள்கிறார். கையில் துணி சுற்றிய படச் சட்டம். மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இவரைத் திரும்ப எடுத்துக்கோங்க தம்பி."

"கண்ணாடி உடைஞ்சிடுச்சாம்மா?"

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் வேற."

சட்டத்தைத் திருப்பினேன். ரொட்டிக் கடைக்காரர் சிரித்தார். நான் செய்து கொடுத்த நானூறு ரூபாய்ச் சிரிப்பு.

"நாப்பது வருஷம் உர்ருன்னு இருந்த மனுஷன் சிரிச்சா எப்படி இருக்கும்னு ஆசைப்பட்டேன்" என்றார் அம்மா. "ஆசைப்பட்டது என் தப்பு. மூணு மாசமா ஒரு அந்நிய ஆம்பிளை சுவத்துல நின்னு என்னைப் பாத்துச் சிரிக்கறாரு. நான் அந்த அறையில புடவை மாத்தறதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். பார்வை வாயில் வந்து நின்றது.

"இதேதான்" என்றார் மெதுவாக. "போன வாரம் ரொட்டி வாங்கிட்டுச் சில்லறையை எண்ணிட்டு இப்படித்தான் சிரிச்சீங்க. எனக்குத் தட்டு கைதவறிடுச்சு. வீட்டுல மாட்டி வெச்சவரு இறங்கிக் கடைக்கு வந்துட்டாருன்னு நினைச்சேன்."

ரொட்டிக் கடைக்காரருக்குப் பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. கடன் வாங்க இடமில்லாமல், கையில் தயாராக இருந்த வாயையே வைத்துவிட்டேன். அப்பாவுக்கு வைத்த அதே வாய்.

"உங்க வாயா தம்பி?"

"ஆமாம்மா."

"ஏன்பா, உலகத்துல வேற வாயே இல்லையா?"

ஃபைலைத் திறந்தேன். அப்பா விஷயத்தில் பட்டபின் நான் ஒரு லேயரைக்கூட அழிப்பதில்லை. சிரிப்பு இருந்த தாளின்மேல் ஒரு தட்டு தட்டினேன். அது போயிற்று. அடியிலிருந்து ரொட்டிக் கடைக்காரரின் சொந்த வாய் வந்தது. ஒரு பக்கம் கோணி, யாரோ மாவில் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டது போல.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு திரையைப் பார்த்து, "எங்க போயிருந்தீங்க இத்தனை நாளா?" என்று அதட்டினார்.

பிரிண்ட் எடுத்து, சட்டத்தில் மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். அம்மா நகரவில்லை.

"நானூறு?" என்றார்.

"இதுக்குக் காசெல்லாம் வேணாம்மா."

"நான் குடுக்கறதைச் சொல்லலை. சிரிப்பைத் திருப்பிக் குடுத்துட்டேன். பணத்தை எடுங்க."

எண்ணிக் கொடுத்தேன். அம்மா இன்னொரு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார். வியாபாரத்துக்குப் புதிது என்று யார் சொன்னது?

அவர் போனதும் லாபப் பக்கத்தில் ஒன்பதாவது வரி எழுதினேன்: 'தவறு செய்தால் பின்னால் போக முடியும்.' ஒன்பதுக்கு ஒன்பது. எழுதிய மை காய்வதற்குள் அந்த வரி என்னைப் பார்த்து இளித்தது.

வியாழக்கிழமை போர்டு வேலையைத் தொட்டேன். எட்டடிக்குப் போக வேண்டுமானால் முகத்தைப் பெரிதாக்கிச் சரிபார்க்க வேண்டும். பெரிதாக்கினேன். கண் ஒரு திரைக்குள் நிற்காமல் ஓடிவிட்டது, மூக்கு மேலே போனது. கடைசியில் இரண்டு திரையிலும் வாய் மட்டும் இருந்தது. மத்தியான வெளிச்சத்தில், தெருவில் ஹாரன் சத்தத்துக்கு நடுவில், என் வாய் எனக்கு எதிரே கதவளவுக்குத் திறக்கப்போவது போல நின்றது. பேசினால் யார் குரலில் பேசும் என்று நினைத்தேன். நினைத்ததும் எழுந்துபோய்க் கழிவறைக் கண்ணாடி முன் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியில் அப்பா உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் சொந்த வாயை ஞாபகத்திலிருந்து போடலாம் என்று உட்கார்ந்தேன். ஏழு வாய் போட்டேன். ஒன்று மாமாவுடையது. ஒன்று பழைய கணக்குப்பிள்ளையுடையது. மற்ற ஐந்தும் சிரித்தன. மேலுதடு மெல்லியதா, கீழுதடு பிதுங்கியிருக்குமா, மூடியிருக்குமா, எதுவும் வரவில்லை. இருபத்தாறு வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம்.

வெள்ளிக்கிழமை வீட்டில் என் அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பா வாய் எப்படிம்மா இருக்கும்?"

"என்னடா கேள்வி இது? கடையில மாட்டியிருக்குல்ல. எப்பவும் அப்படித்தான் சிரிச்சுக்கிட்டே இருப்பாரு."

"அப்பாவா? சிரிச்சுக்கிட்டா?"

"உங்களுக்கு என்ன தெரியும்? பிள்ளைங்க முன்னால சிரிக்க மாட்டாரு. என்கிட்ட அப்படித்தான் சிரிப்பாரு" என்றார் அம்மா, முகம் மலர. நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்துக்குள் பின்பக்கமாக நுழைந்து, என் வாயை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் இடிக்காகக் காத்திருந்தேன். தாள் மேஜையில் இருந்தது, ஒன்பதுக்கு ஒன்பது. சமத்தை வைத்துக்கொண்டு அண்ணனிடம் பேரம் பேசலாம். ஒரு சின்ன லாபத்தைக் கண்டுபிடித்துச் சேர்த்தால் பேரமே வேண்டாம். ஐந்து நிமிடம் யோசித்தால் வராதா என்ன? யோசிக்கவில்லை. பேனாவை எடுத்து நஷ்டப் பக்கம் பத்தாவது வரியை எழுதினேன்: 'அப்பாவின் வாயை அழித்தது. கல்லாவுக்கு மேலே இருப்பது என்னுடையது.'

இடி விழவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

"இவ்வளவு படியா இருக்கு? கஸ்டமர் ஏன் வர்றதில்லேன்னு இப்பத்தான் தெரியுது" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை எடுத்து, துணிக் கட்டுக்கு விலை பார்ப்பதைப் போல மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இதை எதுக்கு எழுதின?"

"உண்மையை எழுதச் சொன்னீங்க."

"எழுதலேன்னா சமம். எழுதினா நீ தோத்துட்ட. தெரியும்ல?"

"தெரியும்."

அண்ணன் தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் துணிக்காரன்டா" என்றார் பிறகு. "நூறு மீட்டர்ல ஒரு இழை விட்டுப்போயிருந்தா விரிக்கும்போதே கண்ணுல படும். தழும்பை எடுத்துட்ட. அதுக்குக் கீழ இருக்கற சின்னப் பள்ளத்தை விட்டுட்ட. இடது பக்கம். அந்தப் பள்ளம் எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? மேஜையில நீயா விழல. நான் தள்ளிவிட்டேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மாட்டின அன்னிக்கே."

"ஏண்ணே சொல்லலை?"

"சொன்னா சரி பண்ணிடுவ."

கீழே யாரோ துணி கிழிக்கும் சத்தம், ஒரே இழுப்பில், நீளமாகக் கேட்டது.

"அப்பா கடைசியா என்கிட்ட பேசினது என்னன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார் அண்ணன். "அன்னிக்கு ஒரு கட்டைத் தப்பா வெட்டிட்டேன். கஸ்டமர் முன்னாடியே சொன்னாரு, உன்னை நம்பி விட்டா நாலு சுவர்தான் மிஞ்சும்னு. சாயங்காலம் போயிட்டாரு. மறுநாள்லேர்ந்து நான் கடை திறக்கணும். நீ அந்தப் படத்தைக் கொண்டுவந்து மாட்டற வரைக்கும் எனக்கு ஷட்டரைத் தூக்கவே கை வரல. இப்ப தினமும் தூக்கினதும் முதல்ல நிமிர்ந்து அவரைத்தான் பாக்கறேன். வாய் உன்னுது. கண்ணு அவருது. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பாத்துச் சிரிக்கறீங்க."

நான் மெல்ல ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் இழுத்துக்கொண்டேன்.

"அண்ணே, அந்தத் திட்டின வாய் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. சொல்லுங்க. நான் போடறேன். எப்படி இருந்துச்சு?"

அண்ணன் கண்ணை மூடினார். "மேலுதடு..." என்றார். விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். கோடு முனையில் மேலே வளைந்தது. விரலைப் பின்னுக்கு இழுத்து மறுபடி போட்டார். மறுபடியும் வளைந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"அந்த வார்த்தையை இப்ப இந்த வாய்தான்டா சொல்லுது" என்றார். "நாலு சுவர்தான் மிஞ்சும்னு, சிரிச்சுக்கிட்டே சொல்றாரு."

பென்சிலை நான் வைத்தேன், அவர் எடுத்தார். என் பத்தாவது வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். அதே வார்த்தைகளை ஒன்றுவிடாமல் லாபப் பக்கத்தின் அடியில் எழுதினார். பில்லைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதவர், முத்து முத்தாக எழுதினார்.

"பத்து, ஒன்பது. அறை உனக்கு. கல்லாவுல மச்சான் உட்காரட்டும், நான் தினம் ரெண்டு தடவை போய் எண்ணிக்கறேன்" என்று எழுந்தார். "ஆனா சும்மா இல்ல. சரக்குக்கு வெளியில குடோன் எடுக்கணும். அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை."

"எவ்வளவு?"

"ரெண்டாயிரம்."

"ஆயிரம்."

"மாடி ஏறி வந்தவன்கிட்டயா பேரம் பேசற? ஆயிரத்து அறுநூறு. கடைசி."

"போர்டு?"

வாசலில் நின்று யோசித்தார். "படம் வேணாம். கடைப் பேரு மட்டும் போடு. தெருவுல போறவன் வர்றவனுக்கெல்லாம் அவர் ஏன் சிரிக்கணும்?"

செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. சற்று நேரத்தில் காலுக்கடியில் ஓர் இடி, டீ. இறங்கும்போது என்னை அறியாமல் கை வாயைப் பொத்தியது. கடைக்குள் நிமிர்ந்து பார்க்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தாள் இன்னும் மேஜையில் இருந்தது. வாரம் முடிந்தால் கணக்கு முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் பழக்கம். அடியில் எழுதினேன்.

லாபம் பத்து. நஷ்டம் ஒன்பது.
பேக்கரி அம்மாவுக்கு நானூறு, கொடுத்துத் தீர்ந்தது.
அண்ணனுக்கு வாடகை, அடுத்த மாதத்திலிருந்து ஆயிரத்து அறுநூறு.
அப்பாவுக்கு வாய் ஒன்று, பாக்கி.